வாவிக்கு அந்தப் பக்கம் அதிபரா, டவுனில் பிரதி அதிபரா, வகுப்பறையே போதுமா?

இலங்கை அதிபர் சேவையின் மூன்றாம் தரத்துக்கான மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை நடந்து முடிந்தால், அடுத்த சில மாதங்களுக்கு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆசிரியர் அறைகளில் வேறு பேச்சே இருக்காது. யோசனை கேட்டு வருபவர் பெரும்பாலும் நாற்பதை ஒட்டிய வயதுக்காரர். பத்துப் பன்னிரண்டு வருஷம் கணிதமோ விஞ்ஞானமோ தமிழோ படிப்பித்திருப்பார். வீடு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில், கல்லடியிலோ களுவாஞ்சிகுடியிலோ, இல்லாவிட்டால் தெற்கே கல்முனையிலோ இருக்கும். அவருக்கு முன்னால் மூன்று வழி. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலைக்கு அதிபராகப் போகலாம். டவுனில் பெரிய பாடசாலை ஒன்றில் பிரதி அதிபராகவோ உதவி அதிபராகவோ இருக்கலாம். இரண்டும் வேண்டாமென்று வகுப்பறையிலேயே நிற்கலாம்.

முடிவு முழுக்க உங்கள் கையில் இல்லைதான். நியமனம் கடிதமாக வரும். ஆனாலும் நேர்முகத்துக்கு விண்ணப்பிக்கவும், மேன்முறையீடு செய்யவும், சில வேளை பொறுப்பை மறுக்கவும் இடம் இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் எப்படி யோசிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்தது சின்னப் பாடசாலை. ஆனால் அங்கே தோள்கொடுக்க ஒருவரும் இல்லையென்றால் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். பதவியின் பெயர் எதுவாக இருந்தாலும் சரி, வேலையை உங்களோடு பங்குபோட யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் மூன்றையும் எடை போட்டிருக்கிறேன்.

எதை வைத்து அளப்பது

முதலாவது, நாள். விடிய எழுந்ததிலிருந்து படுக்கும் வரை உங்கள் நேரம் யாருடையது? பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது என்பது பிள்ளைகளின் கணக்கு.

இரண்டாவது, காசு. பதவி உயர்ந்தால் சம்பளம் எகிறும் என்று நினைப்பவர்கள் 2021இல் ஆசிரியர்களும் அதிபர்களும் ஏன் மாதக்கணக்காகச் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு சேவைகளுக்கும் பொதுவான சம்பள முரண்பாடுதான் காரணம். 2022 ஜனவரியில் ஓரளவு கூட்டிக் கொடுத்தார்கள். ஆசிரியர் சேவையில் மேல் தரத்துக்கு வந்துவிட்ட ஒருவர் அதிபர் சேவையின் கீழ்த் தரத்துக்குள் நுழையும்போது கையில் கிடைக்கும் வித்தியாசம் பலர் நினைப்பதை விடச் சின்னது. உங்கள் சம்பள மாற்றம் எந்தப் படியில் விழும் என்பதை வலயக் கல்வி அலுவலகக் கணக்குக் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, பொறுப்பும் அதிகாரமும் சேர்ந்து வருகின்றனவா என்பது. ஒன்று மட்டும் வந்தால் அதுதான் மனுஷனை நோயாளியாக்குகிறது.

நாலாவது, இதனால் எந்தப் பிள்ளைக்கு நன்மை? ஐந்தாவது, சரிவராவிட்டால் திரும்ப முடியுமா?

சின்னப் பாடசாலைக்கு அதிபர்

நாட்டில் பத்தாயிரத்துக்குச் சற்று அதிகமான அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் பெருந்தொகையானவை நூறு பிள்ளைகளும் இல்லாதவை. மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா வலயங்களின் உட்புறத்திலும், அம்பாறையில் திருக்கோவில் வலயத்தின் காட்டோரத்திலும் இவைதான் அதிகம். வகை 2 என்றால் தரம் 1 முதல் 11 வரை. வகை 3 என்றால் தரம் 5 அல்லது 8 வரை. படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை போர்க்களமாகவோ அதன் ஓரமாகவோ இருந்தது. அந்த வருஷங்களில் படிப்பைத் தொலைத்தவர்கள்தான் இன்றைய பெற்றோர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரம் 6 முதல் 11 வரை ஒவ்வொரு வகுப்பு, மொத்தம் ஆறு வகுப்பு. ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு நாற்பது. ஆக 240 பாடவேளை. ஏழு ஆசிரியர் இருந்தால் ஆளுக்கு 34க்கு மேல் வரும். ஒருவர் பிரசவ லீவில் போனால் மிச்சம் ஆறு பேர், ஆளுக்குச் சரியாக நாற்பது. அதாவது வாரம் முழுவதும் ஒருவருக்கும் ஒரு பாடவேளைகூட ஓய்வில்லை. கொப்பி திருத்த நேரமில்லை, தொண்டை கட்டினால் இருமி முடிக்கவும் நேரமில்லை. இன்னுமொருவர் காய்ச்சலில் விழுந்தால் இரண்டு வகுப்பை ஒரே அறையில் இருத்த வேண்டியதுதான். அந்தப் பிரசவ லீவு 84 வேலை நாள், கிட்டத்தட்ட ஒரு தவணைக்கு மேல். தாய்க்கு அது உரிமை. அதற்காக அவரை மற்றவர்கள் முறைத்துப் பார்க்கும் நிலையை உருவாக்குவது ஆளணிப் பற்றாக்குறைதான். முறைப்பு வராமல் பார்த்துக்கொள்வது அதிபரின் தலையில் விழுகிறது.

இதற்குள் அதிபரும் வகுப்பெடுப்பார். எழுதுவினைஞர் இருக்கமாட்டார், பியோன் இருக்கமாட்டார். மதிய உணவுக் கணக்கு, பாடநூல் கோரிக்கை, சீருடைத் துணி, கணினியில் ஏற்ற வேண்டிய பிள்ளைகளின் தரவு, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டக் குறிப்பு எல்லாம் ஒரே ஆளின் மேசைக்குத்தான் வரும். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து காலை ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் கேட்ட விபரம் பத்து மணிக்குப் போக வேண்டும். சிக்னல் கிடைக்கும் மரத்தடி எது என்று தெரியாமல் படுவான்கரையில் அதிபராக இருக்க முடியாது.

மறைந்த செலவு என்று பார்த்தால் முதலில் பாதை. ஒரு நாள் போய்வர 60 கிலோமீற்றர் என்று வையுங்கள். மாதத்தில் இருபது நாள் என்றால் 1,200 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 45 ஓடினால் கிட்டத்தட்ட 27 லீற்றர். பெற்றோல் 300 ரூபாயைச் சுற்றி நின்றால் எட்டாயிரம் ரூபாய் பெற்றோலுக்கே போய்விடும். டயரும் ஒயிலும் தனி. மண்முனைப் பாலம் 2014இல் திறந்ததிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவது எவ்வளவோ லேசு. குருக்கள்மடம் – அம்பிளாந்துறை, குருமண்வெளி – மண்டூர் துறைகளில் படகை நம்பியவர்களுக்குக் காற்றும் மழையும்தான் நேரசூசி. கார்த்திகை, மார்கழியில் கிரானுக்கு அப்பால் வெள்ளம் பாதையை மூடிவிடும். யானை வந்து போன காலையில் பிள்ளைகளை எத்தனை மணிக்கு வரச் சொல்வது என்பதும் உங்கள் தீர்மானம்தான்.

பாலத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. முன்பு கிழமை முழுக்க ஊரிலே தங்கிய ஆசிரியர்கள் இப்போது 1.30க்கு மோட்டார் சைக்கிளைத் திருப்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் பின்னேரம் நாலு மணிக்குப் பாடம் கேட்க ஊரில் ஆளில்லை.

ஊர்ச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாவீடு, கலியாணம், கோயில் சடங்கு என்று எல்லாவற்றுக்கும் அதிபர் வரவேண்டும். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் அபிவிருத்திச் சங்கச் செயலாளரும் ஒரே ஆளாக இருப்பது அங்கே புதினமில்லை. அவரோடு ஒத்துப்போனால் வேலி அடைக்கச் சிரமதானத்துக்கு ஐம்பது பேர் வருவார்கள். முரண்பட்டால் ஒரு தவணை வீணாகும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் இதையே விரும்புகிறேன்? உங்கள் தீர்மானம் அடுத்த நாளே வகுப்பறையில் தெரிவது இங்கேதான். வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு கீறும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 7.30 அடித்ததும் கோட்டைக் கீறி, படகு பிந்தி வந்த ரீச்சரைக் கோட்டுக்குக் கீழே ஒப்பமிட வைக்கலாம். சட்டப்படி சரிதான். அல்லது படகில் வருபவர்களுக்கு முதல் பாடவேளை விழாமல் நேரசூசியையே மாற்றி, பதிலுக்கு அவர்கள் கடைசிப் பாடவேளைகளை எடுக்கும்படி எல்லோரும் இருந்து பேசி ஒத்துக்கொள்ளலாம். இரண்டாவதைச் செய்த இடங்களில் இடமாற்ற விண்ணப்பம் குறைகிறது என்பது என் அவதானம். ஆசிரியர் நின்றால்தான் பிள்ளை படிக்கும். தாய் மத்திய கிழக்கில், தகப்பன் வயலில், அம்மம்மாவுடன் வளரும் பிள்ளைக்கு மூன்று வருஷம் ஒரே கணித ஆசிரியர் கிடைத்தாலே அது பெரிய விஷயம்.

அதிகாரமும் பொறுப்பும் ஒன்றாக வருவதும் இங்கேதான், காசு விஷயத்தைத் தவிர. கற்றல் பொருட்களுக்கென்று வரும் தர உள்ளீட்டு நிதி சிறிது, அதற்கான கடதாசி அதிகம்.

யாருக்குப் பொருந்தும்? ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர முடிந்தவருக்கு, அல்லது கிழமையில் மூன்று இரவாவது விடுதியில் தங்க வீட்டில் ஒத்துக்கொள்பவர்களுக்கு. பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒரு நாள் லீவு போடக்கூடிய மூத்த ஆசிரியர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால், நீங்கள் காய்ச்சலோடும் போவீர்கள், இரண்டு வருஷத்தில் நீங்களே இடமாற்றம் கேட்பீர்கள். அந்தப் பாடசாலைக்கு இன்னொரு பொறுப்பு அதிபர் வருவார். அடிக்கடி அதிபர் மாறுவதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும் அநியாயம்.

டவுனில் பிரதி அதிபர்

1ஏபி பாடசாலை, அதாவது உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ளது. நூறு ஆசிரியர், இரண்டாயிரம் பிள்ளைகள். வீட்டிலிருந்து பத்து நிமிஷம். பெற்றோல் மிச்சம், சொந்தப் பிள்ளையையும் அதே பாதையில் கூட்டிக்கொண்டு போகலாம். எழுதுவினைஞர்கள் இருக்கிறார்கள், பகுதித் தலைவர்கள் இருக்கிறார்கள். நிதிப் பிரமாணம், கேள்விப்பத்திரம் (ரெண்டர்), கணக்காய்வு எல்லாவற்றையும் இன்னொருவரின் ஒப்பத்துக்குக் கீழே நின்று படித்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி விஷயத்துக்காகவே சிலருக்கு இதைச் சிபாரிசு செய்வேன்.

கஷ்டம் ரிலீஃப் கொப்பியில் தொடங்கும். காலையில் பன்னிரண்டு பேர் லீவு என்று செய்தி வரும். அந்த வகுப்புகளுக்கு யார் போவது என்று நீங்கள் எழுத வேண்டும். எழுதும் ஒவ்வொரு பெயரும் ஒரு முகச்சுளிப்பு. மறுக்கத் தெரியாத ஆளுக்கே திரும்பத் திரும்ப எழுதுவதுதான் லேசான வழி. பல பெரிய பாடசாலைகளில் நடப்பதும் அதுதான். புதிதாக வந்த இளம் ரீச்சர் ஒருவர் மூன்றாம் தவணைக்குள் சோர்ந்து போவதற்குப் பாடத்திட்டத்தை விட இந்தக் கொப்பி பெரிய காரணம். யார் எத்தனை ரிலீஃப் எடுத்தார்கள் என்பதை ஆசிரியர் அறைச் சுவரில் மாதாமாதம் ஒட்டினால் பாதிச் சண்டை தீரும். ஒட்டுவதற்கு அதிபர் சம்மதிக்க வேண்டும். பிரதி அதிபரின் வரம்பு அங்கே தெரிந்துவிடும்.

பொறுப்பு உங்களுடையது, கடைசிச் சொல் இன்னொருவருடையது. அதிபர் நல்லவராக, வேலையைப் பிரித்துக் கொடுப்பவராக இருந்தால் இதைப்போல் ஒரு பயிற்சி கிடையாது. இல்லையென்றால் ஒழுக்கப் பிரச்சினைக்கு நீங்கள், பரிசளிப்பு விழாவுக்கு அவர். தரம் 1 அனுமதிக் காலத்தில் தொலைபேசியை அணைத்து வைக்கவும் முடியாது.

பிள்ளைகளின் நன்மை என்ற அளவுகோலில் இந்த வேலையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பெரிய பாடசாலைக்குள்ளேயே ஒரு படுவான்கரை இருக்கிறது. ஏ பிரிவுக்குக் கெட்டிக்கார ஆசிரியர், ஈ பிரிவுக்கு யார் கிடைக்கிறார்களோ அவர். புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளை தரம் 6இல் எந்தப் பிரிவுக்குப் போகிறதோ, தரம் 11 வரை பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. நேரசூசி போடுபவர் நினைத்தால் பாடசாலையின் மிகத் திறமையான கணித ஆசிரியருக்கு ஒரு ஏ பிரிவும் ஒரு ஈ பிரிவும் கொடுக்கலாம். பெற்றோர் சங்கத்தில் புகை கிளம்பும். தாக்குப்பிடிக்கத் தெரிந்தவர் என்றால் நீங்கள் டவுனில் இருப்பதற்கு நியாயம் இருக்கிறது.

வகுப்பறையிலேயே நிற்பது

இதைத் தோல்வியாகப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் இருக்கிறது. "இன்னும் ரீச்சராகவேதான் இருக்கிறீங்களா?" என்று கலியாண வீட்டில் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஆசிரியர் சேவைக்குள்ளேயே முதலாம் தரம் வரை ஏற இடமுண்டு. 60 வயதில் ஓய்வூதியத் திட்டமும் அதேதான். பாடத்தில் ஆழம் சேர்வது இங்கே மட்டும். உயர்தர இரசாயனவியலையோ இணைந்த கணிதத்தையோ நன்றாகப் படிப்பிக்கும் ஒருவரைக் கதிரையில் இருத்தினால், ஒரு சுமாரான அதிபரைப் பெற்று ஒரு நல்ல ஆசிரியரை இழக்கிறோம். கிழக்கில் அந்தப் பாடங்களுக்கு ஆள் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மறைந்த செலவு வேறு விதமானது. உங்களிடம் கற்பித்தல் பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒருநாள் அதிபராக வந்து உங்கள் பாடக்குறிப்பைப் பார்க்கும். அதைச் சிரித்துக்கொண்டு நீட்ட முடியுமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பிலேயே நின்றால் இடமாற்றம் வராது என்றும் நினைக்க வேண்டாம். வருஷாந்த இடமாற்றப் பட்டியல் ஆசிரியருக்கும் உண்டு, கஷ்டப் பிரதேசச் சேவை செய்யாதவர் என்றால் கண்டிப்பாக.

ரியூசன் வருமானத்துக்காக வகுப்பறையில் நிற்பவர்களும் உண்டு. தன் வகுப்புப் பிள்ளையையே பின்னேரம் தன் கொட்டிலுக்கு வரவைக்கும் கணக்கு என்றால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்க நான் தயாரில்லை.

ஆசிரிய ஆலோசகர்

அந்த மூன்றுக்கும் வெளியே இன்னொரு வழியும் உண்டு. வலயத்துக்குள் பாடசாலை பாடசாலையாகப் போய்ப் பாட ஆசிரியர்களுக்கு உதவும் வேலை. முன்பு ஆசிரியர் சேவையிலிருந்து எடுத்தார்கள், பிறகு தனிச் சேவையாக்கினார்கள். பாடத்தில் பிடிப்பும் பயணத்தில் விருப்பமும் உள்ளவருக்கு நல்லது. சோதனைக்கு வந்த ஆளாகப் பார்க்கப்படாமல் உதவிக்கு வந்த ஆளாகப் பார்க்கப்பட ஒரு வருஷமாவது பிடிக்கும். கொண்டுபோகும் மோட்டார் சைக்கிளும் பெற்றோலும் பெரும்பாலும் உங்களுடையவை.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | சின்னப் பாடசாலை அதிபர் | டவுன் பிரதி அதிபர் | வகுப்பறை |
|---|---|---|---|
| நாள் | விடிய ஐந்து முதல் இரவு வரை | 7 முதல் 4 வரை, தொலைபேசி தனி | 1.30க்குப் பிறகு திருத்தல் வேலை |
| காசு | கூடுவது பாதையில் போகும் | சிறு மிச்சம் | பழையபடி |
| அதிகாரம் | உண்டு, நிதியில் குறைவு | அதிபரைப் பொறுத்தது | வகுப்புக்குள் முழுமையாக |
| பிள்ளைகளுக்கு | மிக அதிகம், நின்று பிடித்தால் | நேரசூசியில் நியாயம் செய்தால் அதிகம் | பாடத்தில் அதிகம் |
| திரும்ப முடியுமா | கஷ்டம் | ஓரளவு | எப்போதும் வேறு வழி திறந்திருக்கும் |

யார் எதை எடுப்பது

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டு ஆசிரியர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். அதிபர் கதிரைகளில் அந்த விகிதம் இல்லை. திறமை காரணமில்லை, பாதையும் விடுதியும் வீட்டு வேலையும்தான் காரணம். பூட்டில்லாத விடுதி, தண்ணீர் வற்றும் கிணறு, இருட்டில் யானைப் பாதை என்றிருக்கும் இடத்துக்கு ஒரு பெண்ணைப் போகச் சொல்லிவிட்டு, அவர் மறுத்தால் 'பொறுப்பெடுக்க விரும்பவில்லை' என்று எழுதுவது அநியாயம். முதலில் வசதியை எழுத்தில் கேளுங்கள். கோட்டக் கல்வி அலுவலகத்துக்குப் பிரதி வையுங்கள். கேட்ட பிறகு கிடைத்த இடங்கள் இருக்கின்றன.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால், நல்ல அதிபர் ஒருவருக்குக் கீழே டவுனில் மூன்று நான்கு வருஷம் பிரதி அதிபராக இருந்துவிட்டு, பிறகு படுவான்கரைக்குப் போவதே நல்ல வரிசை. கணக்காய்வு தெரிந்த கையோடு போவீர்கள். பிள்ளைகள் வளர்ந்து, கடன் குறைந்து, பத்து வருஷச் சேவை மிச்சமிருப்பவர் என்றால் நேரே சின்னப் பாடசாலைக்கே போகலாம். ஐந்து வருஷம் ஒரே இடத்தில் நிற்க மனமிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நீங்கள் நட்ட மரத்துக்கு வேலி போடவும் காலம் போதாது.

கல்முனையில் இருந்துகொண்டு பொத்துவில் பக்கம் அதிபராகப் போக யோசிப்பவர்களுக்கு என் பதில் சுருக்கம். ஒரு வழி 60 கிலோமீற்றருக்கு மேல். தினமும் போய்வருவது நடவாத காரியம். தங்குவதென்றால் மட்டும் பேசலாம்.

வகுப்பறை பிடிக்காமல் போய்விட்டது என்பதால் அதிபராக விரும்புபவருக்கு மூன்றுமே சரிவராது. சின்னப் பாடசாலையில் அதிபரும் கிழமைக்குப் பதினைந்து பாடவேளை எடுக்கத்தான் வேண்டிவரும்.

சரி, முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால் பொறுப்பேற்க முன் ஒரு சாதாரண வேலை நாளில் போய்ப் பாருங்கள், விழா நாளில் வேண்டாம். கடந்த மூன்று வருஷத்தில் அங்கிருந்து இடமாற்றம் வாங்கிப் போன ஆசிரியர்கள் யார் என்று கேளுங்கள். அவர்களில் இருவரோடாவது பேசுங்கள், அறிக்கைகளில் வராதது அவர்களிடம் இருக்கும். பதில் எழுதப்படாத கணக்காய்வு வினாக்கள் இருக்கின்றனவா என்று வலயத்தில் விசாரியுங்கள். கடைசியாகப் பொருட்பதிவேடு. கதிரை, மேசை, கணினி, இசைக்கருவி என்று ஒவ்வொன்றையும் எண்ணிச் சரிபார்த்து, குறைவதை அங்கேயே எழுதி, பழைய அதிபரின் ஒப்பத்தையும் வாங்கிய பிறகே கையெழுத்து வையுங்கள். அவசரத்தில் ஒப்பமிட்டால் காணாமல் போன மடிகணினிக்கு ஓய்வுபெறும் வருஷத்தில்கூட உங்களிடம் விளக்கம் கேட்பார்கள்.